வீட்டுச் சமையல் காணொளிகள்: எதை முதலில் திருத்துவது?

ஒளிமாறன்:
வீட்டில் எடுக்கப்படும் சமையல் காணொளிகளின் தரம் உயர வேண்டுமானால், முதலில் வெளிச்சமும் ஒலியும் சீராக வேண்டும் என்பது என் கருத்து. தலைக்கு மேலுள்ள விளக்கை மட்டும் நம்பினால், சமைப்பவரின் நிழலே பாத்திரத்தின் மீது விழுகிறது. புகைபோக்கி விசிறியின் இரைச்சலில் அவர் சொல்லும் அளவுகள் காதில் விழுவதில்லை. பக்கவாட்டில் ஒரு விளக்கும் காலரில் ஒரு சிறு மைக்கும் இருந்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

அடுக்களைவாசி:
மறுக்கிறேன் நண்பரே. பளிச்சென்று தெரியும் காணொளியைப் பார்த்துச் சமைத்தும் பதம் தப்புகிறதே, அதற்கு எந்த விளக்கு உதவும்? நறுக்கிய வெங்காயம் எண்ணெயில் விழுகிறது. அடுத்த நொடியே பொன்னிறமாகிவிடுகிறது. மிதமான தீயில் கால் மணி நேரமாவது பிடிக்கும் வேலையை வெட்டி எறிந்துவிட்டு, 'ஐந்து நிமிடம் வதக்கவும்' என்று எழுத்துப் போடுவதைக் கற்பித்தல் என்று எப்படிச் சொல்வது? அளவும் அப்படித்தான். ஒரு கப் மாவைத் தளர்வாக நிரப்பினால் ஏறக்குறைய 120 கிராம், அழுத்தி நிரப்பினால் 150 கிராம் அல்லது அதற்கும் மேல். தராசில் வைத்துக் காட்ட என்ன தயக்கம்?

ஒளிமாறன்:
தராசு சரி. ஆனால் கால் மணி நேர வதக்கலை முழுவதும் காட்டினால் ஒருவரும் உட்கார்ந்து பார்க்கமாட்டார்கள்.

அடுக்களைவாசி:
முழுவதும் காட்டச் சொல்லவில்லை. வெங்காயம் கண்ணாடிபோல் ஆகும் கட்டம், ஓரம் சிவக்கும் கட்டம், இறக்கும் கட்டம் ஆகியவற்றில் சில நொடிகள் கேமரா அசையாமல் நிற்கட்டும். கழிந்த நிமிடங்கள் திரையில் தெரியட்டும்.

நெய்தல்:
இருவரும் கவனிக்காத ஒன்று உண்டு. தானியங்கி முறையில் உள்ள கேமரா, காட்சி இருண்டால் வெளிச்சத்தைக் கூட்டும். நிறம் சாய்ந்தால் ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறங்களைச் சரிசெய்யும் அமைப்பை) மாற்றும். அதாவது, பார்ப்பவர் எந்த நிறமாற்றத்தைக் கண்டு பதம் அறிய வேண்டுமோ, அதையே அது மழுப்பிவிடுகிறது. பல கைபேசிகளில் திரையை அழுத்திப் பிடித்தாலே எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவு) மாறாமல் பூட்டிக்கொள்ளும். ஒயிட் பேலன்ஸுக்குத்தான் தனி அமைப்பைத் தேட வேண்டியிருக்கும்.

ஒளிமாறன்:
நான் சொன்னதற்கு இது வலுச்சேர்க்கிறது. கருவியை அறியாமல் பதத்தைக் காட்ட இயலாது.

அடுக்களைவாசி:
நிறத்தைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதத்தைக் கண் மட்டுமா அறிகிறது? வாணலியின் சடசடப்பு அடங்குவதை வைத்துத்தான் நீர் வற்றியதை உணர்கிறோம். அந்த ஓசையின் மேல் பின்னணி இசையை ஏற்றுவதை மட்டும் என்னால் ஏற்க இயலாது. எத்தனை உயர்ந்த மைக்கில் பதிவு செய்திருந்தாலும் சரி.