ரிசப்ஷனில் மனசைப் படிக்கிறவரை வைத்தவர்கள் உண்டா? எங்கள் கதை இது

தங்கச்சி ரிசப்ஷனுக்கு லைட் மியூசிக் வேண்டாம், மென்டலிஸ்ட் வைக்கலாம் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். ராத்திரி ராத்திரியாக யூடியூப் பார்த்ததன் விளைவு. அப்பாவுக்கு அந்த வார்த்தையே பிடிபடவில்லை. "குடுகுடுப்பைக்காரனுக்குக் கோட்டு மாட்டிக் கூட்டிட்டு வர்றியா?" என்றார்.

மதுரையில் மண்டபம். ஏழரைக்கு மென்டலிஸ்ட்டை மேடை ஏற்றினோம். அங்கேதான் தப்பு. நம்ம ஊர் ரிசப்ஷனில் மேடை பொண்ணு மாப்பிள்ளைக்குக்கூடச் சொந்தமில்லை, போட்டோகிராபருக்குத்தான் சொந்தம். மொய்க்கவரோடு வரிசை வாசல்வரை நிற்கிறது. இவர் ஓரமாக ஒதுங்கி நின்று பேச ஆரம்பித்தால், "சார், ஃபிரேம்ல வர்றீங்க" என்று அதட்டல். அடுத்த பந்தி தயார் என்று குரல் வந்ததும் முன்வரிசை முழுக்க எழுந்து போய்விட்டது. மிச்சமிருந்த சித்தப்பாவைக் கூப்பிட்டு மனசுக்குள் ஒரு நம்பர் நினைத்துக்கொள்ளச் சொன்னார். சித்தப்பா மைக்கை வாங்கி, "முப்பத்தேழு" என்றார்.

பாவம், அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே மைக்கைக் கழற்றிவிட்டுக் கீழே வந்தார். அதற்குப் பிறகுதான் கொடுத்த காசுக்கு நிகழ்ச்சி நடந்தது. பெரிய அத்தையிடம் கையகலத் தாளைக் கொடுத்து, கூடப் படித்த தோழி பேரை எழுதி மடிக்கச் சொன்னார். வாங்கி, எல்லார் முன்னாலும் நார்நாராகக் கிழித்து அத்தை கையிலேயே போட்டார். கொஞ்ச நேரம் அத்தை முகத்தையே பார்த்தார். "இப்ப யாரும் இந்தப் பேரை வைக்கிறதில்லையே... 'ஞா'வுல ஆரம்பிக்குதா? ஞானசௌந்தரியா?" அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். சாப்பிடப் போனவர்கள் ஈரக்கையோடு திரும்பி வந்து நாற்காலியைச் சுற்றி நின்றார்கள்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது அப்பத்தா அவர் கோட்டைப் பிடித்து இழுத்தது. "தம்பி, என் ஒத்தத் தோடு காணாமப் போய் ஆறு மாசமாச்சு. யாருகிட்ட இருக்குன்னு பாத்துச் சொல்லு."

அவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, "அப்பத்தா, நான் குறி சொல்றவன் இல்லை. இது வெறும் வித்தை" என்றார். நேர்மையான மனுஷன். அப்பத்தா நம்பவேயில்லை. "அவனுக்குத் தெரியுது. நம்ம வீட்டு ஆளுங்கிறதால சொல்ல மாட்டேங்கிறான்" என்று முடிவு கட்டிவிட்டது. சொல்லும்போது பார்வை சின்ன அத்தை பக்கம் போனதுதான் வினை.

*

கோவையிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்காவது தோடு. எங்கள் அண்ணன் ரிசப்ஷனில் மாப்பிள்ளைத் தோழனைக் கூப்பிட்டு, "முதல் காதலி பேரை நினைச்சுக்கோங்க" என்றார் வந்தவர். மைக்கில் பேரையும் சரியாகச் சொல்லிவிட்டார். அந்தப் பேருக்குரியவர் மூன்றாவது வரிசையில் கணவரோடு உட்கார்ந்து பாதாம் பால் குடித்துக்கொண்டிருந்தார். என்ன கேட்கலாம், எதைத் தொடவே கூடாது என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். பள்ளிக்கூட நண்பர், பிடித்த ஊர், பிறந்த தேதி, இதோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

*

நான் சின்ன வயதிலிருந்து மேஜிக் கற்றுக்கொள்கிறவன், தொழிலாக இல்லை. தாளைக் கிழிக்கிற வித்தை ரொம்பப் பழசு. எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள். ஆனால் இந்தக் கலை நமக்குப் புதுசில்லை. சந்தைப்பேட்டையில் பையனைத் தரையில் படுக்கவைத்துத் துணியால் மூடி, "ஐயா கையில என்ன? சட்டுனு சொல்லு!" என்று கேட்பார்களே, கேட்கிற தினுசிலேயே பதில் ஒளிந்திருக்கும். 1900களின் தொடக்கத்தில் ஜூலியஸ், ஆக்னஸ் சான்சிக் என்ற தம்பதி லண்டன் மேடைகளில் பேர் வாங்கியதும் இதே மாதிரி சங்கேத வார்த்தைகளை வைத்துத்தான்.

"உங்க குணம் இப்படி" என்று அடித்துவிடுவது வேறு ரகம். 1948ல் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு, தனித்தனியாகக் கணித்தது என்று சொல்லி ஒரே தாளைக் கொடுத்தார். வாசகங்களில் பெரும்பாலானவை கடையில் விற்ற ஜோசியப் புத்தகத்தில் எடுத்தவை. எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு மாணவர்கள் போட்ட சராசரி மார்க் ஐந்துக்கு நாலுக்கும் மேலே. கல்யாண வீட்டில் அஞ்சுக்கு அஞ்சே விழும், எல்லாரும் நல்ல மூடில் இருப்பார்கள்.

மேடை வேண்டவே வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பந்திக்குக் காத்திருக்கிறவர்கள் நடுவில் விடுங்கள், ஒரு கும்பலுக்குப் பத்து நிமிஷம். பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கக் கூடாது. அது சரி, தோடு கிடைத்ததா?

*

கிடைத்தது. பழைய தலையணை உறைக்குள். அப்பத்தா இப்போது, "அந்தக் கோட்டுக்காரத் தம்பிதான் மந்திரிச்சுத் திருப்பி வச்சிருக்கு" என்கிறது. சின்ன அத்தை தீபாவளிக்கு வரவில்லை.