எமர்ஜென்சில யார புடிச்சாங்கன்னு ஜனங்களுக்கு எப்படி தெரிஞ்சுது?

1975 ஜூன் 25 ராத்திரி டெல்லியில பேப்பர் ஆபீஸ்களுக்கு கரண்ட்டையே கட் பண்ணிருக்காங்க, மறுநாள்லேர்ந்து சென்சார். சரி, இங்க 1976 ஜனவரி 31ல கலைஞர் ஆட்சிய கலைச்சப்புறம் மிசாவுல, அதான் விசாரணையே இல்லாம உள்ள வைக்கிற சட்டத்துல, உள்ள போனவங்க பேரு எப்படி வெளிய வந்துச்சு?

மதுரக்காரன்:
கைதுன்னு ஒரு வார்த்த போட முடியாதுங்க, சென்சார்ல அடிச்சிடுவாங்க. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள் வந்துச்சா, அண்ணா சதுக்கத்துக்கு மலர் வளையம் வைக்க வர முடியாதவங்கன்னு முரசொலில ஒரு லிஸ்ட் வந்துச்சு, படிச்சவங்களுக்கு உடனே புரிஞ்சுபோச்சு. என்ன தைரியம் பாருங்க!

செல்வி:
பேரு தெரிஞ்சு என்ன பண்றது, உள்ள நடந்தத எழுத முடியலையே. சென்னை சென்ட்ரல் ஜெயில்ல ஸ்டாலின் மேல விழுந்த அடிய தடுக்கப்போன சிட்டிபாபு, முன்னாள் மேயர், அப்ப எம்பி வேற, அவருக்கே அந்த கதி. 1977 ஜனவரில இறந்தே போயிட்டார். நெனச்சாலே வயிறு எரியுது.

குமரன்:
கோர்ட்டுக்கும் போக வழியில்லயே. 1976 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டே, புடிச்சு வச்சவங்கள கோர்ட்டுல நிறுத்தச் சொல்லி கேக்குற ஆட்கொணர்வு மனு போட உரிமையில்லன்னுடுச்சு, அஞ்சு ஜட்ஜ்ல எச்.ஆர்.கன்னா மட்டும்தான் எதிர்த்து எழுதுனார், அதனாலயே அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி ஜூனியருக்கு போச்சு.