ப்ளூமனாக் கிராமத்துக்கு ஆள் வரத்தைக் குறைக்கணுமா?

கடற்காகம்:
பிரான்ஸோட பிரித்தானி பகுதில, வடக்குக் கரைல பிங்க் கிரானைட் பாறைக்கு நடுவுல இருக்கிற சின்ன ஊரு இது. 2015-ல பிரெஞ்சுக்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கிராமம்னு டிவி ஓட்டுல ஜெயிச்சுது. ஆகஸ்ட்ல போனேன், கரையோரமா போற பழைய சுங்கக்காரங்க பாதைல நகரவே முடியல, கயிறு கட்டியிருக்கு அதையும் தாண்டிப் புதர்ல ஏறி போட்டோ எடுக்கறாங்க, பாக்கவே மனசு வலிச்சுது. பக்கத்து ப்ரேஹா தீவுல 2023-லேர்ந்து கோடைல ஒரு நாளைக்கு 4,700 பேருதான்னு வச்ச மாதிரி இங்கயும் வைக்கணும்.

ரென்வாசி:
தப்புங்க. ப்ரேஹாவுக்குப் படகுலதான் போகணும், எண்ணிடலாம். இது ரோடு இருக்கிற ஊரு, யாரு எண்றது? க்ரெப் (மெல்லிசா தோசை மாதிரி) சுடற கடை, இங்க படகு ஓட்டறவங்க எல்லாம் ரெண்டு மாசத்துல சம்பாதிச்சுதான் வருஷம் பூரா ஓட்டணும், அவங்க வயித்துல அடிக்காதீங்க.

கடற்காகம்:
அந்தப் படகு எதைக் காட்டப் போகுது? எதிர்ல ‘ஏழு தீவு’ங்கிற தீவுக் கூட்டத்துல இருக்கிற பஃபின்ங்கிற கடல் பறவையைத்தானே? நூறு வருஷம் முன்னாடி சும்மா பொழுதுபோக்குக்கு அதைச் சுடறதுக்குன்னே ரயில்ல ஆளுங்க வந்தாங்க, பறவை கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு. அதைக் காப்பாத்தத்தான் 1912-ல பிரான்சோட பறவைப் பாதுகாப்பு சங்கமே ஆரம்பிச்சாங்க, இன்னிக்கும் அவங்க சின்னம் பஃபின்தான். அன்னிக்குத் தடை போட்டதாலதான் இன்னிக்குப் படகுக்காரங்களுக்குப் பொழப்பு.

ரென்வாசி:
துப்பாக்கியும் கேமராவும் ஒண்ணா? அந்த ஏழு தீவுல துறவி தீவைத் தவிர எதுலயும் இப்பவே இறங்க முடியாது. அங்கயே ரூசிக் தீவுல கானட்ங்கிற கடல் பறவை 2022-ல கொத்துக்கொத்தா செத்தது பறவைக் காய்ச்சல்ல, டூரிஸ்ட்டால இல்ல. ஊரைக் கொல்றது கோடைக்கு மட்டும் தொறக்கற வீடுங்க. ஜனவரில வந்து பாருங்க, தெருவே இருட்டு, உள்ளூர்ப் பசங்க வாடகைக்கு வீடு கிடைக்காம வெளியூர் போறாங்க.

மீன்கொடி:
கடற்கரைல புனித கிரெக் சிலை இருக்கே, கல்யாணம் ஆகணும்னு பொண்ணுங்க அதோட மூக்குல ஊசி குத்திக்குத்தி மரச்சிலை சிதைஞ்சு இப்ப கருங்கல் சிலை நிக்குது. பக்தியோட தொட்டாலும் தேயும்ங்க. நான் கடற்காகம் பக்கம்.

கடற்காகம்:
வீட்டு விஷயத்துல ரென்வாசி சொல்றது நியாயம், அதுக்கும் வரம்பு வரட்டும். ஆனா எண்ண முடியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க, பார்க்கிங்ல வண்டியை எண்ணினா போதும். நெறஞ்சதும் ஊருக்கு வெளிய நிறுத்தி பஸ்ல கூட்டிட்டு வரட்டும், கடைக்கும் ஆள் வரும், அந்தக் கயிறுக்கு அந்தப் பக்கம் புதரும் முளைக்கும்.