பழைய வீடியோ கேம் மெஷின்: காசு விழுது, கிரெடிட் ஏற மாட்டேங்குது, அப்பப்ப தானா ரீஸ்டார்ட் ஆவுது

குடியாத்தம்_பேக்கரி:
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு குடியாத்தத்துல சின்னதா ஒரு பேக்கரி. வேலூர் தோட்டப்பாளையத்துல ஒருத்தர் முன்ன வீடியோ கேம் கடை வெச்சிருந்தாரு, அத மூடி ரொம்ப வருஷம் ஆச்சு, ஒரே ஒரு மெஷின் மட்டும் அவர் வீட்டு மாடிப்படிக்கு கீழ பெட்ஷீட் போத்தி கெடந்துச்சு, பழைய இரும்புக்கு போட மனசு வரலன்னாரு, நான் பேசி முடிச்சு குட்டியானைல ஏத்திகினு வந்துட்டேன். நின்னுகினு ஆடற ஆளுயர பொட்டி, உள்ள பழைய குண்டு டிவி.

ஆன் பண்ணா படம் வருது, சவுண்ட் வருது, ஆனா ரெண்டு பிரச்சன. ஒண்ணு, ஒரு ரூபா போட்டா சிலது உள்ள போவுது, சிலது கீழ திரும்பி விழுது, உள்ள போனதுலயும் மூணுக்கு ஒண்ணு கிரெடிட் (ஆட்டத்துக்கான கணக்கு) ஏறல, பசங்க கண்ணாடிய தட்டறானுங்க. ரெண்டு, பத்து பதினஞ்சு நிமிஷம் ஆடினா படம் கலைஞ்சி முதல்ல இருந்து ஆரம்பிக்குது, ஏறியிருந்த கிரெடிட்டும் போயிடுது. மத்தியானத்துல ரொம்ப மோசம். எஸ்எம்பிஎஸ்ல (உள்ள கரண்ட் குடுக்கற பவர் சப்ளை) மீட்டர் வெச்சி பாத்தேன், 5.02 வோல்ட் கரெக்டா காட்டுது. அப்ப கேம் ஓடற போர்டு போயிடுச்சா? எனக்கு சால்ட்ரிங் ஓரளவு வரும், அவ்ளோதான்.

ரிச்சிதெரு_ரசிகன்:
ப்ரோ டைம் வேஸ்ட் பண்ணாதீங்க. அந்த போர்ட தூக்கி போட்டுட்டு நூத்துக்கணக்குல கேம் இருக்கற சைனா போர்டு ஒண்ணு வாங்கி மாட்டுங்க, காசு பொட்டிக்கு பதிலா க்யூஆர் ஒட்டிடுங்க, முடிஞ்சது.

குடியாத்தம்_பேக்கரி:
@ரிச்சிதெரு_ரசிகன் ஸ்கூல் விட்டு வர்ற அஞ்சாங்கிளாஸ் பையன்கிட்ட ஏது ப்ரோ யூபிஐ. காசு போட்டு டிங்குன்னு சத்தம் கேக்கறதுக்குத்தான் இத வாங்கினதே.

பாகாயம்_டிவி_மெக்கானிக்:
தம்பி, போர்டு நல்லாத்தான் இருக்கும், பயப்படாத. எஸ்எம்பிஎஸ்ல 5 வோல்ட் காட்டினா போர்டுலயும் 5 வோல்ட் கீதுன்னு அர்த்தம் இல்லப்பா. நடுவுல ஒரு முழம் ஒயரும் பழைய கனெக்டரும் கீது. கேம் ஓடிகினு இருக்கும்போதே போர்டு மேல ஏதாச்சும் ஒரு ஐசியோட (கறுப்பு சிப்பு) பவர் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல மீட்டர் வெச்சி பாரு, பக்கத்து காலோட சேத்து ஷார்ட் பண்ணிடாத. அந்த காலத்து ஐசிங்களுக்கு 4.75ல இருந்து 5.25 வோல்ட் வரைக்கும்தான் கணக்கு. அதுக்கு கீழ போனா கிறுக்கு புடிச்ச மாதிரி ஆவும், போர்டு தன்னத்தானே ரீசெட் பண்ணிக்கும். மத்தியானத்துல ஜாஸ்தின்னு சொன்ன பாரு, நம்மூர் வெயில்ல பொட்டிக்குள்ள பரோட்டா கல்லு மாதிரி காயும், சூடு ஏற ஏற லூஸ் கான்டாக்ட் இன்னும் மோசமாவும். பின்னாடி ஃபேன் இருந்தா சுத்துதான்னும் பாத்துக்க.

போர்டோட ஓரத்துல தங்க கலர்ல சீப்பு மாதிரி பல்லு இருக்கும், அதுலதான் பெரிய கனெக்டர் மாட்டியிருக்கும். அது ஒரு பக்கத்துக்கு 28 பல்லுன்னா ஜாமா கனெக்டர், 1985ல ஜப்பான்காரன் கொண்டு வந்த வழக்கம், அதுக்கப்புறம் வந்த போர்டுல பாதிக்கு மேல அதான். பார்ட்ஸ் இருக்கற பக்கத்துல 1, 2 கிரவுண்டு, 3, 4 அஞ்சு வோல்ட், 6 பன்னெண்டு வோல்ட், 16 காசு. கரண்ட ஆஃப் பண்ணி பிளக்கையே புடுங்கிட்டு கனெக்டர கழட்டு. 3, 4 பல்லு கருத்து போயிருக்கும், நான் பாத்த வரைக்கும் எப்பவும் அந்த ரெண்டுதான் முதல்ல கருகும், ஏன்னா போர்டுக்கு போற கரண்டுல பெரும்பாலும் 5 வோல்ட் பல்லு வழியாத்தான் போவுது. ஸ்கூல் பசங்க பென்சில் ரப்பர் எடுத்து பளபளன்னு வர்ற வரைக்கும் தேச்சி, ரப்பர் தூள ஐபிஏல (ஐசோப்ரோபைல் ஆல்கஹால்) தொடச்சிடு. உப்புத்தாள் போட்டு தேக்காத, மேல இருக்கற பூச்சு போயிடும். கனெக்டர் உள்ள இருக்கற தகடு தளந்து போயிருந்தா ஊசியால லேசா நெம்பி விடு. திருப்பி மாட்டும்போது 7ஆவது எடத்துல இருக்கற வெட்டு பாத்து மாட்டு, தலகீழா சொருவிட்டு வம்ப வாங்காத.

இன்னொண்ணு. நெறைய பேரு இன்னா பண்ணுவாங்கன்னா, தேக்கறதுக்கு சோம்பல் பட்டுகினு எஸ்எம்பிஎஸ்ல இருக்கற திருகாணிய திருவி வோல்ட்ட ஏத்திடுவாங்க. அன்னிக்கி ஓடும். கருகின பல்லு இன்னும் சூடாவும். அப்புறம் எவனோ ஒருத்தன் வந்து நல்ல மனசா கனெக்டர சுத்தம் பண்ணுவான், அஞ்சரை வோல்ட் நேரா போர்டுல போய் நிக்கும், கதை முடிஞ்சிது. அதனால முதல்ல தேய், அப்புறம் அள, கடைசியாத்தான் திருகாணி.

குண்டு டிவி பின்னாடி மட்டும் கை வைக்காத. பிளக்க புடுங்கினாலும் அந்த டியூபு ஆயிரக்கணக்குல வோல்ட்ட புடிச்சி வெச்சிருக்கும். நான் ஒருவாட்டி வாங்கி, முழங்கை போய் பின்னாடி பீரோல இடிச்ச தழும்பு இன்னும் கீது.

காசு விஷயத்துக்கு, 16ஆம் பின்ன (அந்த 16ஆவது பல்லு) ஒரு ஒயரால கிரவுண்டுல ஒரு தட்டு தட்டு. தட்டற ஒவ்வொரு தடவையும் கிரெடிட் ஏறினா போர்டு மேல தப்பு இல்ல, காசு வாங்கற பொட்டி மேலதான் தப்பு. அது எந்த டைப்புன்னு போட்டோ போடு.

குடியாத்தம்_பேக்கரி:
அண்ணா நீங்க கடவுள். போர்டுல அளந்தேன், 4.58!! 3, 4 பல்லு அப்படியே கரி. பாப்பாவோட ரப்பர வாங்கி அரை மணி நேரம் தேச்சேன் (இப்ப அது புது ரப்பர் கேக்குது). மாட்டினதும் 4.94. எஸ்எம்பிஎஸ்ஸ தொடவே இல்ல. ஒன்றர மணி நேரமா ஓடுது, ஒரு தடவ கூட ரீசெட் ஆகல.

16ஆம் பின்ன தட்டினா தட்டற தடவைலாம் கிரெடிட் ஏறுது. காசு பொட்டி போட்டோ போட்டிருக்கேன், சைடுல ஒரு ஸ்பிரிங் கிளிப்புல கதிர் போட்ட பழைய ஒரு ரூபா ஒண்ணு சொருவி வெச்சிருக்காங்க, யாரோ மறந்து விட்டுட்டாங்கன்னு நெனச்சி எடுக்க பாத்தேன், அப்புறம் கை வைக்காம விட்டுட்டேன்.

காட்பாடி_ஜங்ஷன்:
நல்ல வேள எடுக்கல. அதுதான் சாம்பிள் காசு. அந்த பொட்டிக்கு ஒரு ரூபா, ரெண்டு ரூபான்லாம் தெரியாது. சாம்பிள் ஒரு காயில் (சுத்தின கம்பி) பக்கத்துல நிக்கும், நீங்க போடற காசு இன்னொரு காயில் பக்கமா உருண்டு போகும், ரெண்டு சிக்னலும் ஒண்ண ஒண்ணு சரி கட்டி சைபர் ஆனாதான் உள்ள விடும். இல்லனா திரும்ப தள்ளிடும்.

நான் காசு சேக்கறவன், அதனால இங்க கொஞ்சம் நீளமா பேசறேன், பொறுத்துக்கோங்க. உங்க சாம்பிள் 1992ல வந்த ஸ்டீல் ரகம், 25 மி.மீ., 4.85 கிராம். 2011ல ஒரு ரூபாய 22 மி.மீ.க்கு சுருக்கிட்டாங்க, 3.79 கிராம். 2019ல அதயும் 20 மி.மீ. ஆக்கிட்டாங்க. அதனாலதான் சிலது போவுது, சிலது திரும்பி விழுது. கூத்து என்னன்னா 2011 ரெண்டு ரூபா காசு 25 மி.மீ., 4.85 கிராம், அதே ஸ்டீல். அதாவது பழைய ஒரு ரூபாயும் 2011 ரெண்டு ரூபாயும் உங்க மெஷினுக்கு இரட்டப் புள்ளைங்க. ரெண்டு ரூபா போட்ட பையனுக்கு ஒரு கிரெடிட்தான் குடுத்திருக்கும், எண்ணி பாருங்க. அஞ்சு ரூபாய்க்கு மாத்தலாம்னா அதுலயும் ஸ்டீல், பித்தளன்னு ரகம் ரகமா இருக்கு, எடையும் வேற வேற. பத்து ரூபாய நம்ம ஜில்லாவுல மனுஷனே வாங்க மாட்டேங்கறான், 14 டிசைனும் செல்லும்னு ரிசர்வ் பேங்க் 2018லயே சொல்லியும் பஸ்ல குடுத்தா மொறைக்கறாங்க, மெஷினாச்சும் வாங்குமேன்னு பாத்தா அதுக்கும் சாம்பிள் ஒண்ணுதான் வெக்க முடியும்.

டோக்கன் போடுங்க. நம்ம நாட்டு காசு எதோடயும் ஒத்துப் போகாத சைஸ்ல பித்தள டோக்கன் ஒரு அம்பது வாங்கி, ஒண்ண சாம்பிளா சொருவிட்டு, மிச்சத்த கல்லாவுல வெச்சி வித்துடுங்க. காட்பாடி ஸ்டேஷன்ல லைட்டு மின்னி சக்கரம் சுத்தற எடை மெஷின்ல ஒரு ரூபா போட்டு, அட்டைல எடையும் பின்னாடி ஜோசியமும் வாங்கின ஆள் நான், காசு போடற சுகம் எனக்கும் தெரியும். ஆனா இத்தன ரகம் காசுக்கு இந்த பொட்டி தாங்காது.

பாகாயம்_டிவி_மெக்கானிக்:
இவரு சொல்றது சரிதான். உள்ள போயும் கிரெடிட் ஏறாதது வேற கதை. போட்டோல சைடுல ரெண்டு குட்டி சுவிட்ச் தெரியுது பாரு, ஒண்ணு என்ஓ என்சி (சும்மா இருக்கும்போது தெறந்தா, மூடியா), அது என்ஓல இருக்கணும். இன்னொண்ணு ஃபாஸ்ட், மீடியம், ஸ்லோ. உன்னோடது ஃபாஸ்ட்ல கீது. காசு விழுந்ததும் அது குடுக்கற துடிப்பு ரொம்ப குட்டியா இருந்தா போர்டு கவனிக்கறதுக்குள்ள போயிடும். மீடியம்ல வெச்சி பாரு.

குடியாத்தம்_பேக்கரி:
மீடியம்ல வெச்சதும் பத்துக்கு பத்து ஏறுது அண்ணா! காட்பாடி அண்ணன் சொன்ன மாதிரி விழுந்த காச எண்ணியும் பாத்தேன், உண்டியல்ல பாதி ரெண்டு ரூபாதான், பசங்க ஏன் திட்டினானுங்கன்னு இப்ப புரியுது. எல்லாருக்கும் ஒரு ஆட்டம் ஃப்ரீன்னு சொல்லிட்டேன்.

டோக்கன் சொல்லி வெச்சிருக்கேன். உண்டியல கழட்டி கவுத்தப்ப பழைய காசோட ஏழு இரும்பு வாசர், ரெண்டு இருவத்தஞ்சு பைசா, ஒரு சட்ட பட்டன் விழுந்துச்சு. வாசர் ஒவ்வொண்ணயும் யாரோ அரம் போட்டு ராவி சைஸ் பண்ணியிருக்காங்க. தோட்டப்பாளையத்துக்காரர்கிட்ட போன் பண்ணி சொன்னேன், சிரிச்சிட்டு, ராவினது யாருன்னு எனக்கு அப்பவே தெரியும்பா, இப்ப அவன் லேத் பட்டற வெச்சிருக்கான், டோக்கன் வேணும்னா அவன்கிட்டயே கேளுன்னாரு.