நவம்பர் மழையில் வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி – கோத்தகிரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். ஐப்பசிக் கடைசி முகூர்த்தத்தில், அதாவது நவம்பர் இரண்டாம் வாரத்தில், என் நாத்தனார் மகளின் திருமணம் வேதாரண்யத்துக்கு அருகே ஒரு கடலோரக் கிராமத்தில் நடக்கவிருக்கிறது. திருமணம் முடிந்து மூன்று நாளாவது தங்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்று நாத்தனார் வற்புறுத்துகிறார். 7 வயதும் 11 வயதும் ஆன என் பிள்ளைகள் இருவரும் இதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. நாள்காட்டியில் தேதிகளை அடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

தயக்கம் என் மாமியாருக்குத்தான். அவருக்கு 71 வயது, முழங்கால் வலியும் உண்டு. 2018 கஜா புயலில் மகள் வீட்டு ஓடுகள் பறந்ததையும் தென்னந்தோப்பு முழுவதும் சாய்ந்து கிடந்ததையும் நேரில் பார்த்தவர் என்பதால், தாலி கட்டியதும் கிளம்பிவிடலாம் என்கிறார். அவர் சொல்வதைத் தட்டவும் மனமில்லை, பிள்ளைகளை ஏமாற்றவும் மனமில்லை. அந்த மாதத்தில் அங்கே நாள் முழுவதும் மழை விடாமல் பெய்யுமா? அரைநாளில் போய்த் திரும்பும்படி எந்த இடங்களைப் பார்க்கலாம்? நாம் இங்கே பயன்படுத்தும் ரப்பர் பூட்சும் குடையும் அங்கே உதவுமா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடன் கேட்டுக்கொள்வேன்.

பதில் – குன்னூர்வாசி, சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம்

வணக்கம் சகோதரி. நான் பிறந்து வளர்ந்தது அந்த மண்ணில். பிழைப்புக்காகக் குன்னூருக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இரண்டு ஊர் மழையிலும் நனைந்தவன் என்பதால் முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும்.

நம் மலையில் ஐப்பசி, கார்த்திகையில் காலை தெளிவாக விடிந்து, பிற்பகலில் மேகம் இறங்கி, மாலையில் மழை பிடித்துக்கொள்வதே பெரும்பாலும் வழக்கம். அதனால்தான் எந்த வேலையையும் காலையிலேயே முடித்துவிடப் பார்க்கிறோம். கடற்கரையில் இது தலைகீழாக நடக்கும். இரவில் நிலம் குளிர்ந்துவிட, கடல் வெதுவெதுப்பாகவே இருக்கும். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் இரவுக் காற்று, வடகிழக்கிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் காற்றைக் கரையோரத்தில் எதிர்கொள்ளும்போது மேகம் திரண்டு, நள்ளிரவுக்கு மேல் தொடங்கி விடியற்காலை வரை கொட்டித் தீர்க்கும். புயலோ காற்றழுத்தத் தாழ்வு மண்டலமோ அருகில் இல்லாத நாட்களில், காலை பத்து மணிக்கு மேல் மழை ஓய்ந்து வெயிலே அடிப்பதும் உண்டு. எனவே அங்கே விடிகாலையில் மழையைப் பார்த்து மனம் தளர்ந்துவிடாதீர்கள். முற்பகலை வீட்டிலோ கோயிலிலோ கழித்துவிட்டு, பதினொரு மணிக்கு மேல் வெளியே கிளம்புங்கள்.

காலை நேரத்துக்கு மறைக்காட்டுநாதர் கோயிலைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அப்பர் பாடித் திறக்கவும் சம்பந்தர் பாடி அடைக்கவும் செய்த கதவு என்று நாங்கள் சிறுவயதில் வாய்பிளந்து கேட்ட கதை அந்தக் கோயிலுக்கு உரியது. வேதாரண்யம் விளக்கழகு என்ற சொல்லை உங்கள் மாமியாரும் கேட்டிருப்பார். மழை கொட்டும்போதும் அவர் மண்டபத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம்.

பிற்பகலில் கோடியக்கரைக்குச் செல்லுங்கள். வேதாரண்யத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காட்டில் வெளிமான்கள் வாழ்கின்றன. கோத்தகிரித் தெருவில் காட்டுமாட்டைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு, முறுக்கிய கொம்புகளோடு புல்வெளியில் துள்ளி ஓடும் அந்த மான் வேறோர் உலகமாகத் தோன்றும். தாழ்வான புல்வெளியில் நீர் தேங்கும்போது அவை மேடுகளில் வந்து நிற்கும். சதுப்பில் பூநாரைகள் வரும் பருவமும் அதுதான்; ஆனால் அவை ஆழம் குறைந்த நீரில் நின்று இரை தேடுபவை, பெருமழையில் நீர்மட்டம் ஏறிவிட்டால் வேறிடம் தேடிப் போய்விடும். ஆகையால் பூநாரையைக் காட்டுகிறேன் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே வாக்களித்துவிடாதீர்கள். உள்பாதைகள் சேறாகிவிட்டால் வனத்துறையினர் வண்டிகளை அனுமதிக்க மாட்டார்கள் என்பதால், கிளம்பும் முன் நாத்தனார் வீட்டாரை விசாரிக்கச் சொல்லுங்கள்.

போகும் வழியில் அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண் இருக்கிறது. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்தே வந்த ராஜாஜி உப்பு அள்ளிய இடம் அது. மழைக்காலத்தில் உப்பு விளையாது. பாத்திகள் ஏரிபோல நிறைந்து கிடக்க, ஓரத்தில் பனையோலையும் தார்ப்பாயும் போர்த்திய உப்புக் குவியல்கள் வரிசையாக நிற்கும். எனக்கு அந்தக் காட்சி வெயில்காலத்து வெள்ளைப் பாத்திகளைவிடப் பிடிக்கும்.

ரப்பர் பூட்ஸ் வேண்டாம். நம் மலைச்சரிவில் நீர் ஓடிவிடும். அங்கே தேங்கி நின்று களிமண்ணைக் குழைத்துவிடும், பூட்ஸ் அதில் புதைந்து காலைவிட்டுக் கழன்றுபோகும். வெறுங்காலும் கூடாது, சீமைக்கருவேல முள் எங்கும் கிடக்கும். பின்பட்டை வைத்த செருப்பே போதும். கடற்காற்று குடையைத் திருப்பிவிடும் என்பதால் மழைக்கோட்டு கொண்டுபோங்கள். கம்பளிச் சட்டையை மாமியாருக்கு மட்டும் ஒன்று எடுத்துக்கொண்டால் போதும். மற்றவர்களுக்குப் புழுக்கத்தில் பருத்தித் துணியே உடம்புக்கு ஆகும்.

பதில் – கொடைக்கானல் வாசகர்

உங்கள் மாமியாரின் அச்சத்தை முதியவர்களின் வீண் கவலை என்று ஒதுக்கிவிட வேண்டாம் அம்மா. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய அதே கஜா, வலுக்குறைந்து மேற்கே நகர்ந்து அன்றே எங்கள் மலையிலும் மரங்களைச் சாய்த்துச் சாலைகளை அடைத்தது. கடலிலிருந்து இவ்வளவு தொலைவில் இருக்கும் எங்களுக்கே அந்த நிலை என்றால், கரையிலேயே இருந்தவர்கள் பட்டதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் புயல் சொல்லாமல் வருவதில்லை. கிளம்புவதற்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே வானிலை மையத்தின் அறிவிப்பைக் கவனியுங்கள். நாகைத் துறைமுகத்தில் 1ஆம் எண் கூண்டு ஏற்றினால் தொலைவில் கடலில் புயல் சின்னம் உருவாகியிருக்கிறது என்று பொருள், திட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். 3ஆம் எண் ஏறினால் பலத்த காற்று துறைமுகத்தையே எட்டப்போகிறது என்று பொருள். வெளியே சுற்றுவதை அன்றே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கூண்டு எண்ணின் பொருளை மாமியாரிடம் படித்துக் காட்டியபோது, "அப்படியானால் 1ஆம் எண் ஏறும் வரை இருப்போம்" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பாதிச் சுமை இறங்கியது. இன்னும் ஒன்று: பிள்ளைகளைக் கடலில் இறங்க விடலாமா?

பதில் – குன்னூர்வாசி

விடவே கூடாது சகோதரி. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். எச்சரிக்கை விடுத்தால் மீனவர்களே இறங்க மாட்டார்கள். கஜாவுக்குப் பிறகு வேதாரண்யம் கரையில் சேறும் படிந்தது, கால் உள்வாங்கும். கரையில் நின்று அலையைப் பார்க்கட்டும், கிளிஞ்சல் பொறுக்கட்டும். அதற்கு ஈடாக அகஸ்தியம்பள்ளிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையே 2023 ஏப்ரலில் மீண்டும் ஓடத் தொடங்கிய ரயிலில் ஒருமுறை ஏற்றிக் கூட்டிப்போங்கள். நீர் நிறைந்த சம்பா வயல்களின் நடுவே போகும் அந்தப் பயணத்தில் மாமியாரும் கால் வலிக்காமல் உட்கார்ந்து வரலாம். ஓடும் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் – உதகை வாசகர்

எல்லோரும் கடற்கரையைப் பற்றியே சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும் வழியை நான் சொல்கிறேன். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டி, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறக்க முடியாது. அங்கே வானம் தெளிந்திருப்பதால் இங்கேயும் அப்படியே இருக்கும் என்று எண்ணி இரவோடு இரவாக மலையேறிவிடாதீர்கள். காலையில் மழை ஓய்ந்ததும் வேதாரண்யத்தை விட்டுக் கிளம்பினால், நீர் தேங்கிய வயல்வெளிச் சாலைகளைப் பகலிலேயே கடந்து, தஞ்சாவூர், திருச்சி வழியாக இரவுக்குள் கோவை வந்து சேரலாம். அங்கே தங்கிவிட்டு, மறுநாள் காலை எழுந்ததும் கோத்தகிரியில் இருக்கும் அக்கம்பக்கத்தாரைத் தொலைபேசியில் அழைத்துச் சாலை நிலவரத்தைக் கேளுங்கள். திறந்திருந்தால், பிற்பகல் மேகம் இறங்குவதற்கு முன் வீடு சேர்ந்துவிடலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிச் சாலை அடைபட்டால் குன்னூர்ச் சாலை உண்டு. இரண்டும் அடைபட்டால் திறக்கும் வரை கீழேயே தங்குங்கள். பள்ளிக்கு ஒரு நாள் கூடுதலாக விடுப்புச் சொல்லி வைத்துவிட்டுப் புறப்பட்டால், அவசரப்பட்டு மலையேற வேண்டிய கட்டாயமும் இருக்காது.