கோடில்லாத வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கு என்ன பெயர்? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

ஒரு கண் மருத்துவமனைக்காக எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 40 வயதைத் தாண்டி, கிட்டத்து எழுத்து மங்கும் வெள்ளெழுத்து வந்தவர்கள் காத்திருக்கும் நேரத்தில் படிப்பதற்கு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எல்லாம் முடிந்துவிட்டது, ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

கடையில் புரோகிரசிவ் என்கிறார்கள். இங்கிலாந்தில் வேரிஃபோக்கல். மேல்பகுதியில் தூரம், நடுவில் கணினி, அடியில் புத்தகம், இடையில் கோடு கிடையாது. கையேட்டின் 5ஆம் பக்கத் தலைப்பே "இதற்கு மாறலாமா?" என்பதுதான். "இது" எது என்று சொல்லாமல் எப்படிக் கேட்பது?

என் கைவசம் மூன்று சொற்கள் இருக்கின்றன (குவியம் என்றால் ஃபோகஸ், வில்லை என்றால் லென்சு): முன்னேற்ற வில்லை, மாறுகுவிய வில்லை, பல்குவிய வில்லை. முதலாவதை நானே அடித்துவிட்டேன். மற்ற இரண்டில் எது?

எனக்கும் 47 ஆகிறது. தூரத்துக்கு ஒரு கண்ணாடி மூக்கில், படிக்க ஒன்று கழுத்துக் கயிற்றில். போன வாரம் மருந்து அட்டையில் தேதி பார்க்கக் கையை நீட்டி நீட்டிப் பார்த்து, அதற்குமேல் கை நீளாமல், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டேன். ஆகவே 5ஆம் பக்கத்தின் பதில் எனக்கும் வேண்டும்.

மதுரையிலிருந்து

———

அம்மா, வணக்கம்.

வெள்ளெழுத்து என்ற சொல்லை நீங்கள் அப்படியே எடுத்துக்கொண்டதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. நான் 34 ஆண்டு தமிழ் நடத்தியவன். என் ஆசிரியர் தலைமுறையில் சாளேசுரம் என்பார்கள். அதற்குள் நாற்பது ஒளிந்திருக்கிறது. இந்தியில் சாலீசு, நாற்பது. கன்னடத்தில் சாளீசு என்றாலே மூக்குக்கண்ணாடி. தெலுங்கில் சத்துவாரம், அது வடமொழி நாற்பது. கிரேக்கத்தில் பிரெஸ்பிஸ் என்றால் முதியவர். அவர்கள் ஆளைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், வடக்கே வயதைப் பார்த்து வைத்தார்கள், நாம் எழுத்தைப் பார்த்து வைத்தோம். எழுத்து வெளுத்துப் போகிறது, அவ்வளவுதான். யாருக்கும் வயதை நினைவூட்டாத சொல்.

பார்வை மங்குவதற்கு நம்மிடம் சொல் பஞ்சம் இருந்ததே இல்லை. "வாளற்றுப் புற்கென்ற கண்ணும்" என்கிறது குறள். குறுந்தொகையில் மகளைத் தேடிப்போன செவிலித்தாய், "நோக்கி நோக்கி வாளிழந் தனவே" என்கிறாள். இரண்டிலும் வாள் என்றால் ஒளி. இந்த வாளை மீட்டெடுத்து "வாள்தரு கண்ணாடி" என்று வைக்க எனக்கு ஆசை. கையேட்டில் வைத்தால் கத்தி என்று நினைப்பார்கள் என்பதும் தெரியும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாறுகுவியம்தான் சரி. அது வினைத்தொகை. மாறிய குவியம், மாறுகின்ற குவியம், மாறும் குவியம். காலம் கரந்த பெயரெச்சம் என்று நன்னூல் சொல்வது இதைத்தான். ஊறுகாய் எப்படி மூன்று காலத்துக்கும் ஊறுகிறதோ அப்படி இந்த ஆடியும் எப்போதும் மாறிக்கொண்டிருக்கும். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு விகுதி போதாமல் தவிக்கிறார்கள்.

குவியத்தையும் விட்டுவிடாதீர்கள். ஃபோகஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு அடுப்பு என்று பொருள். 1604இல் கெப்ளர் அதை ஒளியியலுக்குக் கொண்டுவந்தார். நம் குவியம் அடுப்படிக்குப் போகாமல் கதிர்கள் குவிவதை நேரே சொல்கிறது. வில்லை என்பதும் வில்லிலிருந்து வந்தது, வளைவைக் குறிப்பது என்பது என் நெடுநாள் கருத்து.

மன்னார்குடியிலிருந்து

———

ஐயா, உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். ஆனால் மாறுகுவியத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. நான் கண் பரிசோதகன், மாணவர்களுக்கும் பாடம் எடுக்கிறேன், அதனால் இது தினமும் கையில் புழங்கும் பொருள்.

கேமராவில் ஜூம் வைக்கும்போது குவியத்தூரம் மாறுகிறது. நேற்று ஒன்று, இன்று ஒன்று, நாளை ஒன்று. உங்கள் மூன்று காலமும் அதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். புகைப்படக்காரர்கள் ஏற்கெனவே மாறுகுவியம் என்று எழுதவும் செய்கிறார்கள். இந்தக் கண்ணாடியில் எதுவும் மாறுவதில்லை. கடைந்து முடித்த பிறகு அது அப்படியேதான் கிடக்கும். மேலே ஒரு பவர், அடியில் ஒரு பவர், இடத்துக்கு இடம்தான் வேறுபாடு. மாறவேண்டியது போடுகிறவரின் கண்ணும் கழுத்தும். வினைத்தொகை காலத்தை மறைக்கும், இடத்தைக் காட்டாது.

பாடத்தில் நான் முதலில் காட்டுவது ஒரு சின்ன வேலை. புதுக் கண்ணாடியில் வாயால் ஊதிவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இரண்டு பக்கமும் பொடி வட்டங்கள் தெரியும், ஒன்றுக்கொன்று 34 மில்லிமீட்டர். காதோரத்து வட்டத்துக்குக் கீழே 20 என்று பொறித்திருந்தால் அடியில் கூடும் பவர் +2.00. ஆவி கலைந்ததும் அது மறைந்துவிடும். கடையில் மாதிரிக் கண்ணாடியில் மார்க்கரால் புள்ளி வைப்பார்களே, அது உங்கள் கண்பாவையின் நடுவிடம். அந்தப் புள்ளியும் இந்தப் பொறிப்பும் பொருந்தாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தாலும் வீண்.

மேலுக்கும் அடிக்கும் நடுவே ஒரு ஒடுக்கமான வழி உண்டு, தாழ்வாரம் என்று சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு இரண்டு பக்கமும் மங்கல்தான். இது யாருடைய கஞ்சத்தனமும் இல்லை, கணக்கு. தாழ்வாரத்தில் பவர் ஏறும் வேகத்தைப் போல இரு மடங்கு வேகத்தில் பக்கவாட்டில் பார்வையை மங்கலாக்கும் சிதறல் ஏறும் என்று 1963இல் மிங்க்விட்ஸ் என்ற கணித அறிஞர் காட்டிவிட்டார். உயரம் குறைந்த ஃபிரேமில் தாழ்வாரம் குட்டையாகிப் பவர் வேகமாக ஏறும், அதை ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் அதனால்தான் கஷ்டப்படுகிறார்கள். பெயர் வைக்கும்போது இந்தத் தாழ்வாரத்தை யாராவது நினைத்துப் பாருங்கள்.

கோவையிலிருந்து

———

வணக்கம். கோவைத் தம்பி சொன்னது மிகச் சரி. ஆனால் இதற்கு ஏற்ற சொல் எங்கள் பக்கம் ஏற்கெனவே இருக்கிறது. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இடத்துக்கு இடம் ஒரு அளவு சீராக ஏறினால் இலங்கைக் கணிதப் பாடத்தில் அதைப் படித்திறன் என்போம், நீங்கள் சாய்வு என்பீர்கள். ஆகவே படித்திறன் வில்லை. பல்குவியம் ஆகாது. இரண்டு குவியம் உள்ளதும் மூன்று உள்ளதும் அதற்குள்தானே வரும்.

இன்னொன்றையும் மனவருத்தத்தோடு சொல்கிறேன். எங்கள் பிள்ளைகள் குவிவு வில்லை, குழிவு வில்லை என்று படிக்கிறார்கள். தமிழ்நாட்டு 10ஆம் வகுப்பில் குவிலென்சு, குழிலென்சு. நல்ல சொல் கையில் இருக்க ஏன் இந்த நிலை? லென்சு என்பதே இலத்தீனில் மைசூர்ப் பருப்பின் பெயர். வடிவத்தைப் பார்த்து அவர்கள் பருப்பு என்றார்கள், நாங்கள் வில்லை என்றோம். பருப்பைக் கடன் வாங்க வேண்டிய தேவை என்ன?

மன்னார்குடி ஐயாவுக்கு: வில்லிலிருந்து வில்லை வந்தது என்பதில் எனக்கு ஐயம் உண்டு. தெலுங்கில் பில்ல என்றாலும் வட்டமான தட்டைத் துண்டுதான். இரண்டும் ஒரே வேராக இருக்கலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து

———

எல்லோருக்கும் நன்றி. வீட்டுக்குள் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டாம் என்று, நேற்றுச் சாயங்காலம் தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

எங்கள் தெருத் தையல்காரருக்கு 55 வயது. ஊசியில் நூல் கோக்கும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஊசியை மூக்கு நுனிக்குக் கொண்டுவருவார். "மாறுகுவிய வில்லை" என்ற தாளை வாங்கிப் படித்துவிட்டு, "இது எத்தனை வேளை போடணும்மா?" என்று கேட்டார். சூட வில்லை, மாத்திரை வில்லை. மருத்துவமனைக் கையேட்டில் வில்லை என்று எழுதினால் யாரும் இதைத்தான் நினைப்பார்கள். யாழ்ப்பாணத்து அண்ணா மன்னிக்க வேண்டும், நான் பள்ளியில் அந்தச் சொல்லை விரும்பிப் படித்தவள்தான். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி.

என் அம்மாவுக்கு 72. "படித்திறன்" தாளைப் பார்த்து, "படிக்கிற திறமையா?" என்றார். தவறு என்று சொல்ல மனம் வரவில்லை, படிக்கத்தானே வாங்குகிறோம். ஆனால் 6ஆம் பக்கம் முழுக்க மாடிப்படி பற்றிய எச்சரிக்கை. படித்திறன், படிப்பது, படியிறங்குவது எல்லாம் அடுத்தடுத்து வந்தால் குழம்பிவிடும்.

தையல்காரரே கடைசியில் ஒரு சொல் கொடுத்தார்: கோடில்லாத கண்ணாடி. எனக்கு அது போதும் போலிருக்கிறது.

மதுரையிலிருந்து

———

நான் மென்பொருள் தமிழாக்கத்தில் இருக்கிறேன். தையல்காரருக்கே என் வாக்கு. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1785இல் பாரிசுக்குப் பக்கத்திலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இரண்டு கண்ணாடிகளை வெட்டிப் பாதி பாதியாக ஒரே வட்டத்தில் பொருத்திக்கொண்டதைச் சொல்கிறார். அவர் அதை இரட்டைக் கண்ணாடி என்றுதான் சொன்னார். விருந்தில் தட்டும் தெரிகிறது, எதிரே பேசுகிறவரின் முகமும் தெரிகிறது, உதட்டசைவைப் பார்த்தால் பிரெஞ்சும் நன்றாகப் புரிகிறது என்று எழுதினார். பைஃபோக்கல் என்ற படித்த பெயர் 1820களில்தான் வந்தது. பொருளை உண்டாக்கியவர் வீட்டுச் சொல்லோடுதான் இருந்தார். நாமும் இருக்கலாம்.

சென்னையிலிருந்து

———

அக்கா, கோடில்லாத கண்ணாடி என்று மட்டும் அச்சடித்துவிடாதீர்கள். கோட்டை மழுக்கிச் செய்த இரட்டைக் கண்ணாடியும் விற்கிறது. அதிலும் கோடு தெரியாது, நடுத்தூரமும் தெரியாது. கையேட்டை நம்பிப் போகிறவரிடம் கடைக்காரர் அந்த இரட்டைக் கண்ணாடியைக் காட்டிப் புரோகிரசிவ் விலையை வாங்கிவிடலாம். கோடு இல்லை என்பது பார்க்கிறவருக்குத் தெரிகிற விஷயம். போடுகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்று பெயர் சொல்ல வேண்டும். 1959இல் பிரான்சில் பெர்னார்ட் மெத்தனாஸ் வேரிலக்ஸ் கண்ணாடியைக் கொண்டுவந்தபோது நோக்கம் கோட்டை மறைப்பது அல்ல, தூரத்திலிருந்து கிட்டம் வரை பார்வை அறுபடாமல் இருக்க வேண்டும் என்பதுதான். அறுபடாமல் தொடர்வதால் தொடர்பார்வைக் கண்ணாடி என்கிறேன். வில்லை, லென்சு இரண்டுமே வேண்டாம். கண்ணாடி எல்லோருக்கும் தெரியும்.

உங்கள் சொந்தக் கேள்விக்கும் பதில் சொல்கிறேன். ஒரு மணி நேரத்துக்குள் கணினி, தாள், எதிரில் ஆள் என்று நீங்கள் மாறி மாறிப் பார்க்கிறீர்கள். மாறலாம். அடியில் கூட வேண்டிய பவர் குறைவாக இருக்கும்போதே மாறினால் பழகுவது எளிது. பக்க மங்கலும் கம்மி. இரண்டு வாரம் விடாமல் போடுங்கள், பழையதை நடுவில் எடுக்காதீர்கள். பக்கவாட்டில் பார்க்கக் கண்ணைத் திருப்பாமல் மூக்கைத் திருப்புங்கள். நாள் முழுக்க திரை முன்னால் மட்டும் உட்காருகிறவர் என்றால் நானே அதற்கென்று தனிக் கண்ணாடி எழுதுவேன்.

6ஆம் பக்கத்தைப் பெரிய எழுத்தில் போடுங்கள். படியிறங்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தினால் படியைப் புத்தகப் பவரில் பார்க்கிறோம். விளிம்பு கலங்கும். தாடையைத் தாழ்த்தி மேல்பகுதியால் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் செய்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. இதுபோன்ற கண்ணாடி போடுகிறவர்களில் வெளியே நிறைய நடமாடும் முதியவர்களுக்கு வெளிநடைக்கென்று தனித் தூரக்கண்ணாடி கொடுத்தபோது விழுவது குறைந்தது. வீட்டோடு இருப்பவர்களுக்கு அது உதவவில்லை, அவர்கள் வெளியில் விழுவது கூடியது. ஆகவே உங்கள் அம்மாவுக்கும் உங்களுக்கும் ஒரே பதில் கிடையாது. தலைப்பில் "மாறலாமா?" என்று கேள்வியாகவே விட்டதற்கு நன்றி.

கோவையிலிருந்து

———

தம்பி, தொடர்பார்வை நல்ல சொல்தான். ஆனால் அச்சில் சேர்த்து எழுதினால் கண் முதலில் "தொடர்பு" என்று நிறுத்தி, அப்புறம் "ஆர்வை" என்று தடுமாறும். வெள்ளெழுத்துக்காரர்கள் படிக்கும் கையேட்டில் இது சின்னக் குறை இல்லை. எனக்கே இன்று காலை அப்படித்தான் ஆயிற்று.

மன்னார்குடியிலிருந்து

———

ஐயா, தடுமாற்றம் உண்மைதான். ஆனால் நாளை அச்சு. எழுதிய எட்டுப் பேரில் ஐந்து பேர் தொடர்பார்வை என்கிறார்கள், அதில் இரண்டு பேர் "சரி, அதுவே இருக்கட்டும்" என்று ஒற்றை வரியில். முடித்துவிட்டேன். தலைப்பு: "தொடர்பார்வைக் கண்ணாடிக்கு மாறலாமா?" அடுத்த வரி: "தூரம், நடுத்தூரம், கிட்டம் மூன்றும் கோடில்லாமல் தெரியும் கண்ணாடி. கடையில் புரோகிரசிவ் என்று கேளுங்கள்." தையல்காரரின் சொல்லும் உள்ளே வந்துவிட்டது.

எனக்கும் ஒன்று செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். உயரமான ஃபிரேம். செவ்வாய்க்கிழமை வரும். வந்ததும் ஊதிப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். அம்மாவுக்குப் பழைய இரண்டு கண்ணாடியே தொடரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மதுரையிலிருந்து

———

எங்கள் வகுப்பில் அது படித்திறன் வில்லைதான். கையேட்டின் பிரதி ஒன்று அனுப்புங்கள், பிள்ளைகளுக்கு இரண்டு சொல்லையும் காட்டுவேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து

———

அம்மா, அச்சுக்குப் போகுமுன் ஒன்று மட்டும். எவராவது மெய்ப்பு பார்க்கிறேன் என்று "தொடர்ப்பார்வை" என ஒற்றுப் போட்டுவிடப் போகிறார்கள். தொடர் இங்கே வினைப்பகுதி. தொடர்ந்த, தொடர்கின்ற, தொடரும் பார்வை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. எனக்கு இன்னும் மாறுகுவியம்தான், ஆனால் இந்த ப் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மன்னார்குடியிலிருந்து