உள்ளங்காலில் ஆறாத சர்க்கரைப் புண்: கட்டு மாற்றியும் ஏன் மூடவில்லை?

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. பெருவிரல் அடியில் ஒரு ரூபாய் நாணய அளவில் புண், ஆறு வாரமாக. தினமும் கட்டு மாற்றுகிறோம். வலியே இல்லை என்கிறார். சர்க்கரையும் கட்டுக்குள்தான். எங்கே தவறு?

பதில் 1: வலி இல்லாததுதான் சிக்கல். நரம்பு மரத்துப்போனவர் புண் மேலேயே மிதித்து நடப்பார். அப்புறம் எந்தக் களிம்பு போட்டும் பயனில்லை. முழங்காலுக்குக் கீழே வரை கழற்ற முடியாத மாவுக்கட்டு போட்டால் அழுத்தம் குறையும். கழற்றும் பூட்ஸ் கொடுத்தால் வீட்டுக்குள் கழற்றிவிடுவார்கள், அதுதான் தொல்லை.

பதில் 2: மாவுக்கட்டுக்கு முன் ரத்த ஓட்டம் பாருங்கள். கணுக்கால்-கை அழுத்த விகிதம் (கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுத்தது) 0.9க்குக் கீழ் என்றால் ரத்தக்குழாயில் அடைப்பு. 1.3க்கு மேல் வந்தால் சந்தோஷப்படாதீர்கள். தமனியில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கும். அப்போது கால்விரல் ரத்த அழுத்தம் எடுங்கள். 30 mmHgக்குக் கீழ் என்றால் உடனே ரத்தநாள அறுவை மருத்துவர்.

பதில் 3: சுற்றியுள்ள காய்ப்பைச் செதுக்கினார்களா? அதுவும் கல் மாதிரி அழுத்தும். வீட்டில் பிளேடு வேண்டாம். மருத்துவர் புண்ணுக்குள் மழுங்கிய கம்பி விட்டுப் பார்க்கும்போது எலும்பு தட்டுப்பட்டால், எலும்பில் தொற்று உண்டா என்று அறிய எக்ஸ்ரே அவசியம். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றாதீர்கள், புதுச்சதையையும் அரிக்கும். வாராவாரம் நீள அகலம் அளந்து எழுதுங்கள். 4 வாரத்தில் பரப்பு பாதியாகவில்லை என்றால் சிகிச்சையை மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரி.